பாட்டின் நிகர எடை

செம்மடைப்பட்டி வெங்காயச் சந்தைக்கு எதிர்த்தாற்போல் பைபாஸில் இருக்கிற ராவுத்தர் எடை மேடையில், ஒரு மாசி மாதத்து வியாழக்கிழமை பகல் பதினொன்றே முக்காலுக்கு, பாலக்காடு போகிற வெங்காய லாரி ஒன்று ஏறி நின்றபோது எடை நிலைக்கவில்லை. அதில் ஒன்றும் அதிசயமில்லை. இஞ்சின் ஓடினால் நிலைக்காது, காற்று பலமாக அடித்தால் நிலைக்காது, வேடிக்கை பார்க்க வந்தவன் எவனாவது இரும்புத் தகட்டின் ஓரத்தில் ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு பீடி குடித்தாலும் நிலைக்காது. இதையெல்லாம் பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பார்த்துவருகிற பாண்டீஸ்வரி, மைக்கைப் பிடித்து, "இஞ்சினை ஆஃப் பண்ணுங்கண்ணே" என்றாள். டிரைவர் ஆஃப் பண்ணினார். அப்போதும் சிவப்பு எண்கள் பதினாலாயிரத்து முந்நூற்றிருபதிலிருந்து பதினாலாயிரத்து நானூற்று முப்பத்தைந்துக்கு ஏறுவதும், அங்கே கொஞ்சம் நிற்பதும், மறுபடி இறங்குவதுமாக இருந்தன.

அவள் எட்டிப் பார்த்தாள். லாரியின் உச்சியில், கடைசி மூட்டையின் வாயைச் சணல் போட்டுத் தைத்துக்கொண்டு, லோடு ஏற்றுகிற சிட்டம்மா உட்கார்ந்திருந்தாள். தைக்கிற கைக்குத் துணையாக வாய் பாடிக்கொண்டிருந்தது.

"பாலக்காட்டு ரோட்டு மேல
பஸ்ஸு போகுது தங்கச்சி,
பாதி சீட்டு காலியாத்தான்
போகுது, நீ ஏறலையே."

வேறு யாரும் எழுதிய பாட்டு கிடையாது. கேரளாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத தங்கச்சியை நினைத்து அவளே கட்டிக்கொண்டது. அவள் மூச்சு வாங்க நிறுத்தினால் எண் இறங்கியது, பாடினால் ஏறியது. கீழே டிரைவர் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தார்.

"சிட்டக்கா, பாட்டைக் கொஞ்சம் நிறுத்து, எடை நிக்க மாட்டேங்குது" என்றாள் பாண்டீஸ்வரி மைக்கில்.

"எம் பாட்டு உன் மிஷினை என்னடி பண்ணுது" என்றாள் சிட்டம்மா, ஆனாலும் நிறுத்தினாள்.

பாட்டோடு ஒரு சீட்டு, பாட்டில்லாமல் ஒரு சீட்டு, இரண்டையும் பாண்டீஸ்வரி அடித்து எடுத்தாள். வித்தியாசம் நூற்றுப் பதினைந்து கிலோ. எந்தச் சீட்டானாலும் 'ஓட்டுநருடன்', 'ஓட்டுநர் இன்றி' என்று இரண்டு கட்டம் இருக்கும். டிரைவர் இறங்காமல் எடை போட்டால் அவருடைய எடையும் சரக்கோடு சேர்ந்துவிடும் அல்லவா, அதற்காக. 'ஓட்டுநருடன்' கட்டத்தில் வழக்கம்போல் டிக் போட்டு, பாட்டில்லாத சீட்டை டிரைவரிடம் கொடுத்து, பாட்டோடு இருந்ததை ஆணியில் குத்திவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். ஒரு வாரம் போவதற்குள், பாட்டுக்கு எடை இருக்கிறது என்பது செம்மடைப்பட்டியில் வெங்காயத்துக்குத் தோல் இருக்கிறது என்பதைப் போலச் சாதாரணமாகிவிட்டது. முதலில் விழித்துக்கொண்டது மண்டிக்காரர்கள்தான். ஒருத்தர், நல்ல குரலுள்ள ஆளை மூட்டைக்கு நடுவில் உட்காரவைத்துப் பாடவிட்டு, வெங்காயத்தோடு பாட்டையும் சேர்த்து விற்றுவிட்டார்; சரக்கு போய்ச் சேர்ந்த இடத்தில் ஒன்றரை மூட்டை குறைகிறதென்று போன் வந்தது. அன்றைக்கே வியாபாரிகள் சங்கம் கூடி, 'லோடு நிற்கும்போது வாய் திறக்கக் கூடாது' என்று தகரத்தில் எழுதி மாட்டியது. மேடையைக் கடக்கிறவர்கள் ஹம் பண்ணுவதைக்கூட நிறுத்தினார்கள். தலைமையாசிரியர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக ஏற்றி, தான் எழுதிய காலை வணக்கப் பாட்டை எடை பார்த்து, யாருக்கும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் பிரசாரப் பாட்டை எடுத்து வந்தார்கள். இரண்டும் பூஜ்யம் காட்டியதில் இரண்டு பேருக்குமே திருப்தி. எடையளவு ஆபீஸர் ஜீப்பில் இருபது கிலோ இரும்புக் கற்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அடுக்கிச் சோதித்தார். "மிஷின் கரெக்டா இருக்கும்மா. பாட்டு கனமா இருந்தா அதுக்கு கவர்மெண்ட் என்ன பண்ணும்?" என்று ஈய முத்திரையைக் குத்தினார். பிறகு கூச்சத்தோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, மேடை மேல் நின்று காலேஜில் எழுதியதாகச் சொல்லி ஒன்றைப் பாடினார். எண் அசையவில்லை. வரவழைத்த டீயைக் குடிக்காமலே போய்விட்டார் பாவம்.

அந்த முதல் இரண்டு வாரத்தில் கனமான பாட்டுகள் வந்தன, இல்லையென்று சொல்லக்கூடாது. எண்ணெய் மில் பெண்கள் கும்பலாக ஏறிப் பாடிய கும்மி நாற்பது கிலோ. பஸ் ஸ்டாண்டில் பிச்சை எடுக்கிறவர் யாரோ இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து பாடியது இருபத்தைந்து. ஒரு சாவு வீட்டுக்காரர்கள் சுடுகாட்டிலிருந்து திரும்புகிற வழியில் அப்படியே மேடையேறிப் பாடிய ஒப்பாரி இருநூற்றுப் பத்து. அன்றைக்குத் தகடு முனகியதைப் பாண்டீஸ்வரி தன் காதால் கேட்டாள்.

ஆனால் செம்மடைப்பட்டியின் கவிஞர்கள் ஏழு பேருக்கும் பூஜ்யம். ஏழு பேருக்கும் பட்டம் உண்டு, விசிட்டிங் கார்டு உண்டு, காதுகுத்து முதல் கட்சி மாநாடு வரை எதற்கும் ஒரு மணி நேரத்தில் பாட்டு உண்டு. கவிச்சுடர் என்று பெயர் வைத்துக்கொண்ட மூத்தவர், இருபது ரசிகர்களோடு ஏறிப் பாடினார், ரசிகர்கள் கை தட்டுவதிலேயே குறியாக இருந்தார்கள், பூஜ்யம். அந்த மேடை அஞ்சு அஞ்சு கிலோவாகத்தான் காட்டும். அதைப் பிடித்துக்கொண்டார் அவர். "என் பாட்டு நாலு கிலோ தொள்ளாயிரம். உங்க மிஷினுக்கு அதைப் பாக்கக் கண்ணு இல்லை" என்றார். மறுநாளிலிருந்து ஏழு பேரும் கனமான பாட்டு எழுத ஆரம்பித்தார்கள். எங்கே பார்த்தாலும் மலை, யானை, கருங்கல், கோயில் தேர். ஒருத்தர் காதல் பாட்டில் ரோடு ரோலரைக் கொண்டுவந்துவிட்டார். எண் அசைந்தால்தானே.

கடைசியில் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டுச் சங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள். மேடை மேல் கூட்டம் நிற்பதால்தான் கண்ட பாட்டுக்கும் எடை வருகிறது, ஆட்களின் ஆட்டமும் அழுகையும் பாட்டின் கணக்கில் ஏறுகிறது, சுத்தமான எடை வேண்டுமென்றால் பாடுகிறவன் மட்டும் மேடையில் நிற்கவேண்டும், மற்றவர்கள் மஞ்சள் கோட்டுக்கு வெளியே. நியாயமாகத்தான் பட்டது. வெங்காயத்தைக் கல்லும் மண்ணும் நீக்கி எடை போடுகிற ஊருக்கு இதைப் புரியவைக்கவா வேண்டும்? விதி வந்தது. அதற்குப் பிறகு ஒரு பாட்டும் கனக்கவில்லை. சிட்டம்மாவைப் புதுச்சேலை உடுத்தித் தனியாக ஏற்றிப் பாடச் சொன்னார்கள். அதே தங்கச்சி பாட்டு, அதே குரல், பூஜ்யம். "போங்கப்பா, வேலை கெடக்கு" என்று அவள் இறங்கிப் போய்விட்டாள். முதல் நாள் காற்றாக இருந்திருக்கும் என்றது ஊர். இந்தக் காலத்துப் பாட்டில் சரக்கே இல்லை என்றார்கள் டீக்கடையில். கவிஞர்கள் ஏழு பேரும் பழையபடி நிமிர்ந்து நடந்தார்கள்.

இந்த ஏழு பேரில் சேராத எட்டாவது பாட்டுக்காரன் ஒருத்தன் உண்டு. பாண்டீஸ்வரியின் புருஷன் மாயழகு.

சந்தையில் மூட்டைகளுக்கு மார்க் போடுகிறவன் அவன். மண்டிக்காரர் பெயரின் முதல் எழுத்தை வெட்டிய தகரத்தை மூட்டை மேல் வைத்து, நீல மையை ஒரு இழுப்பு இழுத்தால் மார்க் விழும். ஒரு நாளைக்கு ஆயிரம் மூட்டை. அந்த நீலம் அவன் நகக்கண்ணிலிருந்து போனதே கிடையாது. வீட்டுக்கு வந்து, அதே விரலால் பாட்டு எழுதுவான். பதினெட்டு நோட்டு. யாரும் கேட்டு எழுதியதல்ல, யாரும் பாடியதுமல்ல. எழுதி முடித்ததும் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று பாண்டீஸ்வரியிடம் பாடிக்காட்டுவான். அவள் மிக்ஸியில் தேங்காயைப் போட்டுச் சுற்றிக்கொண்டோ, பாத்திரம் கழுவிக்கொண்டோ நிற்பாள். முடிந்தது என்று அவன் வாய் மூடுவதை வைத்துத் தெரிந்துகொண்டு, "நல்லாயிருக்கு" என்பாள். போயிட்டு வாங்க என்று சொல்கிற மாதிரி. கெட்ட எண்ணமெல்லாம் ஒன்றுமில்லை. நாளெல்லாம் ஹாரன் சத்தத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்கு வீடு வந்தும் தலைக்குள் எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவன் பாட்டு ஒன்றையாவது அவள் முழுசாகக் கேட்டது கிடையாது. இது அவளுக்கு இதுவரை ஒரு குற்றமாகத் தோன்றியதும் கிடையாது.

பாட்டுக்கு எடை வந்த நாளிலிருந்து மாயழகு ஒரு இடத்தில் உட்காரவில்லை. சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போவான். சந்தைக்குள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பான். மூட்டைகளில் மார்க் தலைகீழாக விழுந்தது. மேடைக்கு நூறடி தூரத்தில் வந்து நிற்பான், கண்ணாடிக்குள் இருக்கிற பெண்டாட்டியைப் பார்ப்பான், திரும்பிப் போய்விடுவான். ஏறவும் இல்லை, ஏறமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அவனைப் பார்த்துப் பார்த்துப் பாண்டீஸ்வரிக்கும் இருப்புக்கொள்ளாமல் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தால் முள்ளாகக் குத்தியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை.

பங்குனியில் சந்தைக்கு ஐம்பது வருஷம் நிறைகிறதென்று சங்கம் விழா எடுத்தது. சந்தை வாசலில் கட்டுகிற வளைவில் எழுத ஒரு பாட்டு வேண்டும். வருகிற சனிக்கிழமை, சந்தை லீவு நாளில், பகலில் எல்லாக் கவிஞர்களும் மேடையேறட்டும், அஞ்சு கிலோவாவது காட்டுகிற பாட்டு எதுவோ அது வளைவுக்கு என்று தண்டோரா போட்டார்கள். அன்று சாயங்காலம் மாயழகு வந்து, "பேரு குடுத்துட்டேன்" என்றான்.

பாண்டீஸ்வரி அடுப்பை அணைத்தாள். "எதுக்குங்க? அவனவனுக்கு முட்டைதான் வருது."

"எனக்குத் தெரிஞ்சாகணும் புள்ள. முட்டைன்னா முட்டை. பதினெட்டு நோட்டையும் அங்கயே எடைக்குப் போட்டுட்டு வந்துருவேன். பழைய பேப்பர்காரர் பரமனை வண்டியோட வரச் சொல்லிட்டேன். அப்புறம் பேனாவைத் தொடமாட்டேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. நோட்டுகளை வெங்காயச் சாக்கில் போட்டு, வாயைச் சணலால் கட்டி, கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். அவள் அந்தச் சாக்கைப் பார்த்தாள். பேனாவை எடுத்துவிட்டால் இந்த மனுஷனிடம் மிச்சம் என்ன இருக்கும்? ஆயிரம் மூட்டையும் நீல நகமும்தான். அவள் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு பாடுங்க, கேக்கறேன்" என்றாள். "இனிமே மேடையிலதான்" என்று அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நடக்கப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லாரி வராத நேரத்தில் அவள் என்னென்னவோ யோசித்தாள். அவன் ஏறி முடிப்பதற்குள் பூஜ்ய பட்டனை அமுக்கினால் போதும், அவன் உடம்பு எடையிலேயே முப்பது கிலோவை அவன் பாட்டுக்குப் போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? முத்திரை இருக்கிறது, முதலாளி ராவுத்தர் இருக்கிறார், அல்லா பார்க்கிறார் என்பார் ராவுத்தர். அதைவிடப் பெரிய கஷ்டம், அவன் பாட்டு உண்மையில் நல்ல பாட்டா என்று அவளுக்கே தெரியாது. நல்லாயிருக்கு நல்லாயிருக்கு என்று ஆயிரம் தடவை சொன்ன வாய்க்கு, ஒரு வரி ஞாபகமில்லை. கை சும்மா இருக்கமாட்டாமல் ஆணியில் குத்தியிருந்த பாட்டுச் சீட்டுகளை எடுத்துப் புரட்டினாள். நாற்பது, ஓட்டுநருடன். இருபத்தைந்து, ஓட்டுநருடன். இருநூற்றுப் பத்து, ஓட்டுநருடன். மேடையில் வேறு ஆள் நின்றால் அந்தக் கட்டத்தில்தான் பழக்கத்துக்கு டிக் போட்டிருந்தாள். விதி வந்ததற்குப் பிறகு எல்லாம் ஓட்டுநர் இன்றி. எல்லாம் பூஜ்யம். அடியில் சிட்டம்மாவின் நூற்றுப் பதினைந்து. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்திருந்த அந்த டிரைவர் தூங்கவில்லை, அழுதுகொண்டிருந்தார் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

ஓடிப்போய் ராவுத்தரிடம் காட்டினாள். எடை மேடைக்குச் சொந்தக்காரர், எழுபது வயது, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"மொதலாளி, கனமானது பாட்டில்ல. கேட்ட ஆளு. கேக்குற ஆளை இறக்கிவிட்டுட்டு நாம எடை போட்டுக்கிட்டு இருக்கோம்."

ராவுத்தர் சீட்டுகளை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "சரியாத்தான் இருக்கும் ஆத்தா. ஆனா நாளைக்குக் காலைல போயி விதியை மாத்துன்னா கேப்பாங்களா? உன் புருஷனுக்காகப் பண்றேன்னு சொல்லுவாங்க. அதுவும் இல்லாம, யாரை ஏத்துவே? நீ ஏறுவியா?"

அவள் சீட்டுகளை வாங்கிக்கொண்டாள். ஏறி நின்று, அவன் பாடி, பூஜ்யம் காட்டினால்? அது பாட்டின் பூஜ்யமா, தன் காதின் பூஜ்யமா? அதை அவன் கண் முன்னால், ஊர் முன்னால், சிவப்பு எழுத்தில் பார்க்கவேண்டிவரும். பயந்துபோனாள் என்பதுதான் உண்மை. மாயழகிடம் சீட்டு விஷயத்தை அவள் சொல்லவே இல்லை.

சனிக்கிழமை பந்தல், நாற்காலி, மோர், எல்லாம் மஞ்சள் கோட்டுக்கு வெளியே. கவிஞர்கள் ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். முதலில் வாய் மூடி நிற்கவைத்துக் காலி எடை, பிறகு பாட்டோடு எடை, கழித்தால் நிகர எடை. கண்ணாடி அறையிலிருந்து பாண்டீஸ்வரி மைக்கில் ஏழு தடவை, "நிகர எடை பூஜ்யம்" என்றாள். எட்டாவதாக மாயழகு சாக்கைக் கீழே வைத்துவிட்டு ஏறினான். சலவைச் சட்டை.

"செம்மடை மண்ணே செந்தமிழ்ப் பொன்னே,
செல்வம் கொழிக்கும் சந்தைப் பெண்ணே..."

எண் அசையவில்லை. பாண்டீஸ்வரி மைக்கைத் தள்ளிவைத்தாள். பக்கத்தில் நின்ற ராவுத்தர்தான் மைக்கை வாங்கிச் சொன்னார். கூட்டத்தில் ஒருத்தராவது சிரித்திருக்கலாம். அவர்கள் மோரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாயழகு தலையை ஆட்டினான், ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றை இன்னொருத்தர் சொல்லக் கேட்ட மாதிரி. இறங்கி, சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு, தராசோடு தயாராக நின்ற பரமனின் தள்ளுவண்டியைப் பார்த்து நடந்தான்.

நாற்காலி பின்னால் விழுகிற சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். பாண்டீஸ்வரி கண்ணாடி அறையை விட்டு இறங்கி, செருப்பில்லாமல், வெயிலில் சுட்ட தகட்டின் மேல் நடந்து நடு மேடையில் நின்றாள்.

"சாக்கோட இங்க வாங்க" என்றாள்.

கவிச்சுடர் எழுந்தார். "விதி இருக்கும்மா. பாடுறவர் மட்டும்தான்."

"உங்க போட்டி முடிஞ்சிருச்சுங்கய்யா. இது தனி லோடு. மொதலாளி, காலி எடையை எடுங்க."

ராவுத்தர் பட்டனைத் தட்டினார். அவள் அறுபத்தைந்து, அவன் அறுபது, நோட்டுச் சாக்கு பத்து. ஆக நூற்று முப்பத்தைந்து.

மாயழகு அவளைப் பார்க்காமல் நின்றான். "எதுக்கு புள்ள இதெல்லாம். எதைப் பாட?"

எதை என்று சொல்ல அவளுக்கு ஒரு பாட்டின் பெயர்கூடத் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. "முதல் நோட்டுலருந்து பாடுங்க" என்றாள்.

அவன் பாடினான். அவள் கேட்டாள். எப்படிக் கேட்பது என்றே முதலில் பிடிபடவில்லை. காது இருக்கிறது, மனசு ஹாரனுக்குப் பழகி ஓடுகிறது. அதை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். நிலவு வந்தது, குயில் வந்தது, மயில் வந்தது. முடிந்தது. அவள் உதட்டில் பழைய சொல் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "இது நல்லால்லங்க" என்றாள்.

மாயழகு சட்டென்று நிமிர்ந்தான். "எது நல்லால்ல?"

"நிலாவும் குயிலும் எல்லாரும் சொல்றதுதானே. நீங்க எங்க பாத்தீங்க குயிலை? சந்தையில காக்காதான் இருக்கு."

அவன் முகத்தில் வந்ததை என்னவென்று சொல்வது? பசித்தவன் இலை முன்னால் உட்காருகிற மாதிரி இருந்தது. அடுத்ததைப் புரட்டினான். அதுவும் பூஜ்யம், அதில் முதல் வரி மட்டும் கேட்கும்படி இருக்கிறது என்றாள். "எந்த இடத்துல கெட்டுப்போச்சு?" என்று கேட்டான், சொன்னாள், இல்லை என்று சண்டைக்கு வந்தான், இன்னொரு தடவை பாடச் சொன்னாள், பாடி அவனே கோடு போட்டு அடித்துவிட்டான். ஒன்று போயிற்று, ஒன்பது போயிற்று, நாலு நோட்டுப் போயிற்று. சிவப்பு எண் நூற்று முப்பத்தைந்திலேயே செத்துக் கிடந்தது. கூட்டம் நெளிந்தது, சாப்பாட்டுக்குக் கலைந்தது. கவிஞர்கள் கொட்டாவி விட்டு எழுந்து போனார்கள். பரமன் தள்ளுவண்டியின் நிழலில் உட்கார்ந்துவிட்டார். தகட்டின் சூட்டில் கால் மாற்றி மாற்றி நின்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எப்படியாவது ஒன்று, ஒன்றே ஒன்று கனத்துவிடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் ஒன்றுக்குக்கூடப் பொய் சொல்லவில்லை.

பதினோராவது நோட்டின் கடைசியில், மூட்டை மார்க்குகளை எழுதிவைத்திருந்த அட்டையை அவன் வேகமாகத் தாண்டினான்.

"அது என்ன, தாண்டிப் போறீங்க?"

"அது பாட்டில்ல. சும்மா ஒரு நாள் கிறுக்குனது."

"பாடுங்க."

"மெட்டுக்கூட இல்ல புள்ள."

"மெட்டில்லாம பாடுங்க."

அவன் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளுக்கு முகம் தெரியாமல், கணக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னான்.

"கேட்டியான்னு கேக்கமாட்டேன்,
கேக்கலைன்னு தெரியும் புள்ள.
பாட்டு முடியுற வரைக்கும்
பக்கத்துல நின்ன பாரு,
அது போதும், அது போதும்."

பாண்டீஸ்வரிக்கு முதலில் உள்ளங்கால் கனத்தது. பிறகு முழங்கால். வெங்காய மூட்டையை யாரோ மெதுவாக, அவளுக்கு வலிக்கக் கூடாதென்று பார்த்துப் பார்த்து, தோளில் இறக்கி வைத்தது போல இருந்தது. அவளால் நிற்க முடியவில்லை. சுடுகிற தகட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தெரிந்திருக்கிறது. இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தினமும் வந்து வாசலில் நின்றிருக்கிறான். மைக்கில் ராவுத்தர், "எரநூத்தி இருபது. கழிச்சா எண்பத்தஞ்சு" என்றார், ரொம்பச் சின்னக் குரலில்.

பாட்டு நின்றால் எண் இறங்கும், அதுதான் அந்த மேடையின் வழக்கம். இந்தத் தடவை இறங்கவில்லை. மாயழகு சாக்கோடு கீழே இறங்கினான், அவன் எழுபது கழிந்தது. அவள் மட்டும் மேடையில், நூற்று ஐம்பது. அவள் கையை ஊன்றி எழுந்து மெதுவாக இறங்கினாள். மேடை பூஜ்யத்துக்கு வந்தது. கனம் அவளோடு இறங்கிவிட்டது.

வளைவில் பாட்டு எழுதவேண்டாம், சந்தையின் பெயரே போதும் என்று சங்கம் முடிவு பண்ணியது. பாண்டீஸ்வரியின் கனத்துக்கும் ஊர் ஒரு வழி பண்ணிக்கொண்டது. மினி பஸ் கண்டக்டர் அவளை நடுச் சீட்டில் உட்காரச் சொன்னான். மேடை அறைக்கு ராவுத்தர் இரும்பு நாற்காலி வாங்கிப் போட்டார். மழைக்காலத்தில் அவள் நடந்த மண்ரோட்டில் தடம் ஆழமாக விழுந்து தண்ணீர் தேங்கியது. பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விட்டார்கள். மந்திரிக்கச் சொன்னவர்கள் உண்டு, கொள்ளுக் கஞ்சி குடிக்கச் சொன்னவர்களும் உண்டு. மாயழகு இன்னும் உட்கார மாட்டாதவன்தான், ஆனால் இப்போது புது நோட்டோடு நடக்கிறான். சாயங்காலம் வந்து பாடுகிறான், பத்துக்கு ஒன்பது நல்லால்ல என்று அவள் சொல்கிறாள், அவன் முனகிக்கொண்டே வரிகளை அடிக்கிறான். பரமன் வெறும் வண்டியோடு போனவர் போனவர்தான்.

ஒரு நாள் சந்தையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது, அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பாலத்துச் சுவரைப் பிடித்து நின்றதைப் பார்த்து, மாயழகுக்குத் தாங்கவில்லை. "அந்த அட்டையைக் கிழிச்சுப் போட்டுறட்டுமா? இறங்கிருமோ என்னவோ."

"அதைத் தொட்டீங்க, தெரியும்" என்றாள் பாண்டீஸ்வரி.

"கனமா இருக்குல்ல."

"கனமாத்தான் இருக்கு. இருக்கட்டும். இத்தனை வருஷம் நீங்க தூக்கிட்டு அலைஞ்சதுதானே."

அவன் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, அவள் நடைக்குத் தக்க மெதுவாக நடந்தான்.